கௌரவ ஆலோசகரின் இடது தோள்

என் முகத்தை மூன்றடி உயரத்தில் பார்க்க நேர்ந்த அன்றுதான், என் இரண்டு காதுகளும் ஒரே அளவில் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. ஐம்பத்தொரு வருடமாகத் தினமும் கண்ணாடி பார்த்தும் புலப்படாத விஷயம். தீபாவளிக் காலை, ஆறு மணிக் காட்சிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது, ஸ்ரீராம்புரத்துக்கு அருகில் மிச்சமிருக்கும் ஒற்றைத் திரையரங்கின் வாசலில், ஒரு துணி பேனரிலிருந்து நான் என்னையே கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

பெங்களூரில் தமிழ்ப் படத்துக்குப் பேனர் கட்டுவது தனிச் சாஸ்திரம். மேலே கன்னடம், பெரிய எழுத்தில். அதற்குக் கீழே தமிழ், வந்த இடத்தில் செருப்பை ஓரமாக விட்டுவிட்டு நிற்கும் விருந்தாளியைப்போல. வலது மூலையில் ஒரு கன்னட நடிகர் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும். அவருக்கும் படத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை, ஆனால் அவர் சிரித்துக்கொண்டிருக்கும்வரை பேனரை யாரும் கிழிக்க மாட்டார்கள். சுற்றிலும் மஞ்சளும் சிவப்பும். நடுவில் கதாநாயகர். அடியில் வரிசை வரிசையாக மன்ற உறுப்பினர்களின் பாஸ்போர்ட் அளவுப் படங்கள், காணாமல் போனவர்கள் பட்டியலைப்போல.

அந்த வரிசைக்கு மேலே, நடிகருக்கு அடுத்த பெரிய உருவமாக, நான். கும்பிட்ட கை. தோளில் சால்வை. எங்கள் லிங்கராஜபுரத்து வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் விருந்தினர்களை வரவேற்று நின்றபோது எடுத்த படம். அதிலிருந்து என்னை மட்டும் கத்தரித்திருந்தார்கள். அவசரத்தில் கத்தரித்ததால் பெரிய காதின் ஓரம் வாழை இலைத் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. கீழே எழுத்து: கௌரவ ஆலோசகர்.

இதைச் செய்தவர் என் மனைவியின் அண்ணன். ஸ்ரீராம்புரம் கிளை ரசிகர் மன்றத்துக்கு முப்பது வருடமாகத் தலைவர். வயது ஐம்பத்து நான்கு. எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கம்பெனி கேப் ஓட்டுகிறவர். பேனரில் அவருடைய படம் எனக்குக் கீழே, என்னில் பாதி அளவில் இருந்தது.

"மச்சான், என்ன இது?" என்றேன்.

"நல்லா வந்துகீதா மாப்ள? கலர் கொஞ்சம் தூக்கலா போட்டுட்டான். நீங்க அவ்ளோ செவப்பு கெடயாது."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா வேணாம்னுவீங்க. அதான் கேக்கல."

"ஆலோசகர்னு போட்டிருக்கு. நான் எப்ப ஆலோசனை சொன்னேன்?"

"போன படத்துக்கு, கட்அவுட்டுக்குப் பால் ஊத்தாதீங்க, வழுக்கும்னு சொன்னீங்கல்ல? வழுக்குச்சு மாப்ள. மூணு பேருக்கு அடி. அன்னிக்கே முடிவு பண்ட்டேன்."

அதாவது, நான் முகம் சுளித்துச் சொன்ன ஒரே வாக்கியம் என்னை மன்றத்தின் மூளையாக ஆக்கியிருந்தது.

என் படம் ஏன் அவ்வளவு பெரிது என்று கேட்கவில்லை. தெரியும். மூன்று வருடத்துக்கு முன் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். அந்த மண்டபத்து பேனரில் ஒரு மாப்பிள்ளையின் படம் மைத்துனன் படத்தைவிட ஒரு விரற்கடை சின்னதாகிவிட்டது. அந்த மாப்பிள்ளை பந்தியில் உட்காராமல் கிளம்பிப் போனார். இன்றுவரை அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை. அதிலிருந்து என் மச்சான் எங்கே பேனர் கட்டினாலும் தங்கை புருஷனின் படத்தை முதலில் வைத்து, அதற்குக் கீழேதான் தன்னை வைப்பார். சினிமா பேனரில் எனக்கு இடமே கிடையாது என்பது அவருக்குத் தோன்றவில்லை. இடம் கொடுத்தால் பெரிதாகக் கொடுக்க வேண்டும் என்பது மட்டுமே தோன்றியது.

நடிகரின் பெயரை மன்றத்தில் யாரும் சொல்வதில்லை. அந்தக் காலத்து மனைவிமார் புருஷனைச் சொன்னதுபோல, 'அவரு'. அவரு வர்றாரு, அவருக்கு சளி புடிச்சிகீது, அவரு அரசியலுக்கு வர மாட்டாராம். எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காது. இளமையிலேயே பிடிக்காது; பிடிக்காமல் இருப்பது ஒரு படிப்பாளியின் கடமை என்று நினைத்த வயது அது. இப்போது கடமை பழக்கமாகிவிட்டது.

ஆனால் ஆறு மணிக் காட்சிக்கு நான் போயிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் மச்சான் எனக்கு ஒரு டிக்கெட் எடுத்துவைப்பார். வேண்டாம் என்று சொன்னால் மனைவி பேச மாட்டாள். சொல்லாவிட்டால் மூன்று மணி நேரம் கெட்டுப்போகும். மூன்று மணி நேரம் மலிவு.

அன்று கூட்டத்தில் பாதி ஓசூருக்கு அப்பாலிருந்து வந்தது. அங்கே விடியற்காலைக் காட்சிக்கு அனுமதி இல்லை, இங்கே உண்டு. ஆகவே ஒரு மாநில எல்லையைத் தாண்டி, தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்க வேண்டிய நாளில் குளிக்காமல், வேன் வேனாக வந்திறங்கியிருந்தார்கள். மீதிப் பாதி எலெக்ட்ரானிக் சிட்டியின் பி.ஜி. விடுதிகளில் தங்கியிருக்கும் இளைஞர்கள். வேன்காரர்கள் படத்தைப் பார்த்துக் கத்தினார்கள். பி.ஜி.காரர்கள் தாங்கள் கத்துவதைப் படம் பிடித்தார்கள். நான் இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் உட்கார்ந்து, ஒரு மனிதன் எழுபதை நெருங்கிக்கொண்டே, ஓடும் ரயிலைக் காலால் நிறுத்துவதைப் பார்த்தேன். ரயிலுக்குள் கதாநாயகி இருந்தாள். வயதைப் பார்த்தால் பள்ளிக்குப் போகிற ரயிலாகத்தான் இருக்கும்.

இடைவேளையில் ஒரு இளைஞன் என் எதிரில் வந்து நின்றான். பேனரை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்தான்.

"அங்கிள், அது நீங்கதானே? ஒரு செல்ஃபி எடுத்துக்கலாமா?"

எடுத்துக்கொண்டான். நான் புன்னகைத்தேன். எதற்கு என்று இன்னும் தெரியவில்லை. திங்கட்கிழமை அலுவலகத்தில் நுழைந்தபோது அந்தப் படம் எனக்கு முன்பே அங்கே வந்திருந்தது. என் வேலை, இயந்திரங்களுக்கு விளக்கப் புத்தகம் எழுதுவது. வாஷிங் மெஷினோடு பிளாஸ்டிக் உறையில் வருமே, பிரிக்காமலே அலமாரிக்குப் போகுமே, அது. இருபத்தாறு வருடமாக எழுதுகிறேன். ஒருவரும் படித்ததில்லை. அன்று முதல் தடவையாக அலுவலகத்தில் எல்லோருக்கும் நான் யார் என்று தெரிந்திருந்தது. "ஆலோசகர் சார், டீ குடிக்கப் போலாமா?" என்று ஆரம்பித்தார்கள். இன்றுவரை நிறுத்தவில்லை.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

ஸ்ரீராம்புரத்தில் மச்சான் வீடு ஒரு அறையும் ஒரு சமையலறையும். அறையின் சுவரில் இடதுபுறம் முருகன், வலதுபுறம் மச்சானின் கல்யாணப் படம். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆணி. முப்பது வருடமாக அந்த ஆணியில் அவர் எதையும் மாட்ட விட்டதில்லை. அவருடைய மகள் ஒருமுறை பால்காரர் கொடுத்த காலண்டரை மாட்டினாள். வீட்டில் அப்படி ஒரு சத்தம் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை என்று சொல்வார்கள். அந்த ஆணி, நடிகரோடு மச்சான் நிற்கும் படத்துக்கானது. அப்படி ஒரு படம் இல்லை. ஆணி மட்டும் இருந்தது.

முயற்சி செய்யாமல் இல்லை. சென்னைக்கு நான்கு முறை போயிருக்கிறார். ஒருமுறை வீட்டு வாசலில் ஏழு மணி நேரம் நின்றதில், கார்க் கண்ணாடி வழியாக ஒரு கை தெரிந்தது. அது டிரைவர் கை என்று பிற்பாடு தெரியவந்தது. "அவரு கார் டிரைவர் மாப்ள, சும்மாவா?" என்றார்.

கார்த்திகை மாதத்தில் செய்தி வந்தது. நடிகர் படப்பிடிப்புக்காகப் பெங்களூர் வருகிறார், ஒரு ஞாயிற்றுக்கிழமை கர்நாடகக் கிளைகளோடு படம் எடுத்துக்கொள்வார். மச்சானுக்குச் சென்னைத் தலைமை மன்றத்திலிருந்து போன் வந்தபோது கேப்பில் நான்கு பேர் இருந்தார்களாம். வண்டியை ஓரம்கட்டி, இறங்கி, மேம்பாலத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதாக அவரே சொன்னார்.

தலைமை மன்றத்தில் கிளைகளின் ஆட்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், தீபாவளி பேனர்களை வைத்து. ஒவ்வொரு கிளையும் பேனரைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியாக வேண்டும். அங்கே உட்கார்ந்திருந்த ஒருவர் ஒவ்வொரு பேனரிலும் நடிகருக்கு அடுத்தபடி யார் படம் பெரியதோ, அவரைக் குறித்துக்கொண்டார். பேனரைப் படிக்கத் தெரிந்தவர். அளவுதான் அந்தஸ்து, வேறு எந்த ஆவணமும் தேவையில்லை. பிறகு போன் செய்து, "உங்க ஆலோசகர் ஆதார் அனுப்புங்க" என்றிருக்கிறார்கள். ஆலோசகருக்கு ஒரு பாஸ், தலைவருக்கு ஒரு பாஸ் என்று மச்சான் நினைத்துக்கொண்டார். கம்பெனி கேப்பில் என்னை ஏற்றிக்கொள்ள அனுமதி கேட்பதற்காக என்றோ வாங்கி வைத்திருந்த என் ஆதார் நகலை, வீட்டுக்குப் போய்த் தேடி எடுத்து, மகிழ்ச்சியோடு அனுப்பிவைத்தார்.

கிளைக்கு ஒரு பாஸ்தானாம். ஒன்றுதான் வந்தது. என் பெயரில்.

நான் அவர் வீட்டில் இருக்கும்போதே ஸ்பீக்கரில் போட்டு மச்சான் சென்னைக்குப் பேசினார்.

"அண்ணே, ஸ்ரீராம்புரம் கிளை பேசறேன். அந்தப் பேர மட்டும் மாத்தணும்ணே."

"லிஸ்ட்டு செக்யூரிட்டிக்குப் போயிடுச்சு தம்பி."

"இல்லண்ணே, நான்தாண்ணே தலைவரு."

"தம்பி, பேனர்ல அவ்ளோ பெரிய மனுசன வெச்சிருக்கீங்க. அவர வுட்டுட்டு உங்களக் கூப்ட்டா நல்லா இருக்குமா? நாளைக்கு அவரு கோவிச்சுக்க மாட்டாரு?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று கையால் சைகை காட்டினேன். ஆனால் அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

"சரி வுடுங்க மாப்ள," என்றார் மச்சான், ஆணியைப் பார்க்காமல். "நீங்க போனா இன்னா, நான் போனா இன்னா. மன்றத்துக்குத்தான மரியாத."

முப்பது வருடக் காதலை இவ்வளவு சுருக்கமாக ஒருவர் மடித்து வைத்து நான் பார்த்ததில்லை. எனக்குக் கோபம் வந்தது. நடிகர் மேல், சென்னைக்காரர் மேல், பேனர் அடித்தவன் மேல். என் பெரிய காதின் மேல்கூட வந்தது.

வீட்டில் மனைவிக்கு வந்த கோபத்துக்கு ஒரே முகவரிதான் இருந்தது.

"எங்கண்ணன் கல்யாணத்துக்கு முன்னாடி அடிச்ச ஆணிங்க அது. நீங்க போய் இளிச்சுக்கிட்டு நின்னுட்டு வருவீங்களா?"

"நான் போகலைன்னா அந்த ஒரு இடமும் வீணாப் போகும். அவ்வளவுதான்."

"போங்க. வேணாம்னு யார் சொன்னா? போய், அவர்கிட்டயே கேளுங்க. ஊர்ல இருக்கிற எல்லாரையும் கிழிச்சுத் தொங்கவிடற வாய்தானே? அங்க ஒரு தடவ எங்கண்ணனுக்காகத் திறங்க."

நியாயமாகப் பட்டது. நான் எழுதுகிறவன். பயப்பட எனக்கு என்ன இருக்கிறது? அவன் எனக்குக் கடவுளா? ஒரு வாரம் யோசித்து, விளக்கப் புத்தகம் எழுதும் முறைப்படி தேவையற்றதை எல்லாம் நீக்கி, ஒன்பது சொற்களில் கொண்டுவந்தேன்: "சார், என் மச்சான் வெளிய நிக்கிறாரு. முப்பது வருஷமா நிக்கிறாரு. கூப்பிடட்டுமா?" குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன். நான்கு விநாடி ஆனது. மறுப்பதற்கு எந்த மனிதனாலும் முடியாது. அவ்வளவு நல்ல வாக்கியம் நான் அதுவரை எழுதியதில்லை.

மச்சானிடம் திட்டத்தைச் சொன்னபோது அவர் முகத்தில் முப்பது வயது குறைந்தது.

"நெசமாவா மாப்ள? கேப்பீங்களா?"

"கேட்பேன்."

"உங்களால முடியும் மாப்ள. உங்களுக்குத்தான் அவரு மேல பயமே கெடயாதே."

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, இருவரும் வெள்ளைச் சட்டையில், எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போனோம். மேம்பாலம் முழுவதும் மச்சான் எனக்குப் பாடம் நடத்திக்கொண்டே வந்தார். கைகொடுக்கக் கூடாது, அவருக்கு அலர்ஜி. வயதைப் பற்றிப் பேசக் கூடாது. கடைசிப் படத்தைப் பற்றிக் கேட்டால் இரண்டாம் பாதி பிரமாதம் என்று சொல்ல வேண்டும். "முதல் பாதி?" என்றேன். "அது அவருக்கே தெரியும் மாப்ள," என்றார்.

மண்டப வாசலில் மச்சானை நிறுத்திவிட்டார்கள். கறுப்புச் சட்டை போட்ட ஒரு மலை, "பாஸ் இத்ரே மாத்ர, சார்" என்றது. பாஸ் இருந்தால் மட்டும். மச்சான் கேட்டுக்கு வெளியே ஒரு புங்க மரத்தடியில் நின்று, சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டார். நான் உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தபோது மறுபடியும் வாரிக்கொண்டிருந்தார். வாருவதற்கு அங்கே அதிகம் இல்லை.

உள்ளே வரிசை. ஒரு பெண் ஒலிபெருக்கியில் விதிகளைச் சொல்லிக்கொண்டிருந்தாள். தொடக் கூடாது. காலில் விழக் கூடாது. பேசக் கூடாது. செல்போன் கூடாது. கேமராவைப் பார்க்க வேண்டும், அவரைப் பார்க்கக் கூடாது. ஒருவருக்கு எட்டு விநாடி. கோவிலில்கூட, கூட்டமில்லாத நாளில், இதைவிட அதிக நேரம் தருவார்கள்.

எனக்கு முன்னால் கோலார் பக்கத்துக் கிளைத் தலைவர். என்னைவிட மூத்தவர். கையில் குங்குமம் பூசிய எலுமிச்சம்பழம் வைத்திருந்தார், அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதற்குப் பின் அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் பழம் இருப்பதுபோலவே பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு முன்னால் நின்றவன் அழுதுகொண்டிருந்தான். நாற்பது வயது இருக்கும், மீசை இருந்தது. நான் இதையெல்லாம் மனதில் குறித்துக்கொண்டேன். எவ்வளவு நல்ல கட்டுரை! வரிசையில் கால்கள் நடுங்காத ஒரே மனிதன் நான்தான் என்று நினைத்துக்கொண்டு, ஒன்பது சொற்களை இன்னொரு முறை சொல்லிப் பார்த்தேன்.

படிக்கட்டு மூன்று. மேடை. வெளிச்சம். நீலத் திரைச்சீலைக்கு முன்னால் நடிகர்.

குள்ளமாக இருந்தார். என் காது உயரம்கூட இல்லை. சின்னக் காதைச் சொல்கிறேன். மேக்கப்புக்குக் கீழே ஒரு சலித்த மனிதர். காலையிலிருந்து முகத்தில் மாட்டி வைத்திருந்த சிரிப்பு ஒருபுறம் லேசாகத் தொய்ந்திருந்தது. சந்தனமும் இருமல் மருந்தும் கலந்த வாசனை. என்னைத் திரும்பிப் பார்த்தார். "வாங்க," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். வாங்க. என் வீட்டு எதிரில் இருக்கும் இஸ்திரிக்காரரும் தினமும் அதையேதான் சொல்கிறார்.

நான் வாயைத் திறந்தேன். உள்ளே ஒன்றுமில்லை. ஒன்பது சொற்களில் ஒன்றுகூட இல்லை. மச்சான் என்ற சொல்லே தமிழில் இருந்ததாக நினைவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் தொலைக்காட்சியில் போடுவார்களே அவருடைய அந்தப் பழைய படம், நான் முப்பது முறை கேலி செய்துகொண்டே பார்த்தது, அதில் விளக்கை ஏந்திக்கொண்டு திரும்புவாரே, அந்தத் திரும்பல்தான் கண்ணெதிரில் நின்றது. என் கைகள், நான் சொல்லாமலே, மேலே எழுந்து குவிந்தன. பேனரில் இருந்தபடியே. அதே கோணம், அதே இளிப்பு. வாழை இலை மட்டும்தான் இல்லை.

பிளாஷ். "நெக்ஸ்ட்," என்றாள் பெண்.

"நன்றி சார்," என்றேன். எதற்கு நன்றி என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

கீழே இறங்கிய பிறகு ஒன்பது சொற்களும் வரிசையாகத் திரும்பி வந்தன, நிறுத்தற்குறிகளோடு. திரும்பி மேடையைப் பார்த்தேன். மீசை வைத்திருந்தவன் ஓரமாக உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து, உனக்குமா என்பதுபோலத் தலையாட்டினான்.

கேட்டுக்கு வெளியே மச்சான் இரண்டு எட்டு முன்னால் வந்தார். என் பின்னால் யாரும் கூப்பிட வரவில்லை என்பதைப் பார்த்தார். சீப்பைப் பைக்குள் ஆழமாகத் தள்ளினார்.

"எப்டி இருந்தாரு?" என்றார்.

"நல்லா இருந்தார்."

"வாட்ச் கட்டியிருந்தாரா?"

"கவனிக்கல மச்சான்."

"இடது கையில கட்டுவாரு. செண்டு வாசன வந்துச்சா?"

"சந்தனம்."

"ஆங்!" என்றார். அது சரியான விடை போலிருக்கிறது.

மேம்பாலம் நெடுக இப்படியே கேட்டுக்கொண்டு வந்தார். எவ்வளவு உயரம் என்றார். நல்ல உயரம் என்றேன். தன்னைக் கூப்பிடச் சொல்லிக் கேட்டேனா என்று மட்டும் கேட்கவில்லை. நான் அதற்காகக் காத்துக்கொண்டே வந்தேன். பதிலாக ஒரு பொய்கூடத் தயாராக இருந்தது: செக்யூரிட்டி விடவில்லை என்று. கேட்டுத் தொலைத்திருந்தால் சொல்லித் தொலைத்திருப்பேன். சுங்கச்சாவடி தாண்டி, சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் வண்டி நின்றபோது, சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"வாய் வரலல்ல மாப்ள?"

"வரல மச்சான்," என்றேன்.

"வராது. எனக்குத் தெரியும். உங்களுக்கே வரலன்னா பாருங்க!" என்று ஸ்டியரிங்கில் ஒரு தட்டு தட்டினார். அவர் குரலில் மகிழ்ச்சி இருந்தது. எனக்கு ஒரு அடி விழுந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. இருபத்து நான்கு வருடமாக அவர் எதிரில் நான் அந்த நடிகரைப் பற்றி அடித்த ஜோக்குகளுக்கெல்லாம் எட்டு விநாடியில் பதில் சொல்லியாகிவிட்டது. அந்தப் பதிலை நானே கைகூப்பிச் சொல்லியிருந்தேன்.

படம் பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு கூரியரில் வந்தது, கிளை முகவரிக்கு. பொங்கலன்று நாங்கள் ஸ்ரீராம்புரம் போனபோது மச்சான் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொலைக்காட்சியில் அந்தப் பழைய படம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வசனத்துக்கு ஒரு விளம்பரம். வழக்கமாக ஒவ்வொரு வசனத்தையும் நடிகருக்கு ஒரு விநாடி முன்பாக மச்சான் சொல்லிவிடுவார், அன்று சொல்லவில்லை.

படத்தில் நடிகர் சிரித்துக்கொண்டு நிற்க, அவருடைய கை என் இடது தோளைச் சுற்றியிருக்க, நான் உலகத்தையே வரவேற்கிறவன்போல நின்றேன்.

என் மனைவி சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். ஏதாவது செய் என்ற பார்வை. நான் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"மச்சான், பேனர் அடிக்கிறவன் இருக்கானே, அவன்கிட்ட கொடுத்தா ஒரு மணி நேர வேலை. என் தலையை எடுத்துட்டு உங்க தலையை வெச்சிடலாம். வெள்ளைச் சட்டைதான், நீங்களும் அன்னிக்கு அதேதான் போட்டிருந்தீங்க. யாருக்கும் தெரியாது."

மச்சான் நிமிர்ந்து பார்த்தார். அவர் என்னை அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை. பேனரில் எனக்குக் கொடுத்த அளவு ஒரு நொடியில் பாஸ்போர்ட் படத்துக்குக் குறைந்துபோனது.

"இன்னா மாப்ள, இப்டி சொல்ட்டீங்க. படிச்சவரு. அது பொய்யில்ல?" என்றார். "அவரு கை உங்க தோள்ல பட்டுச்சு. என்னுதுல படல. தலைய மாத்திட்டா பட்டதாயிடுமா?"

கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுகிற மனிதர் எனக்கு உண்மையைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்.

எழுந்தார். முருகனுக்கும் கல்யாணப் படத்துக்கும் நடுவில் இருந்த ஆணியை உள்ளங்கையால் துடைத்தார். படத்தை மாட்டினார். நேராக இருக்கிறதா என்று மகளைக் கேட்டு, ஒருபுறம் லேசாகத் தூக்கினார். ஆக, இனி அந்த வீட்டில் யார் கற்பூரம் காட்டினாலும் எனக்கும் சேர்த்துத்தான் காட்டியாக வேண்டும். என் அறிவுக்கும் ரசனைக்கும் இதைவிடப் பொருத்தமான தண்டனையை எந்த விமர்சகனும் யோசித்திருக்க முடியாது.

திரும்பி வந்து என் அருகில் உட்கார்ந்தார். தொலைக்காட்சியில் விளம்பரம்.

"எந்தத் தோள் மாப்ள?"

"இடது."

கொஞ்சம் தயங்கினார். பிறகு வலது கையை லுங்கியில் துடைத்துவிட்டு, என் இடது தோளில் வைத்தார். அழுத்தவில்லை. சும்மா வைத்திருந்தார். கேப் ஓட்டி ஓட்டிக் காய்த்துப்போன கை, கனமாக இருந்தது.

மேடையில் அந்த நடிகரின் கை என் தோளைத் தொடவில்லை. காலையிலிருந்து நூறு பேரோடு நின்றவர். கையைத் தோளுக்குப் பின்னால், சட்டைக்கு ஒரு விரற்கடை தள்ளி, காற்றில் நிறுத்திவைக்கக் கற்றிருந்தார். முன்னாலிருந்து எடுக்கும் கேமராவுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். இந்த விஷயத்தில் என்னிடம் மிச்சமிருந்த ஒரே நல்ல ஜோக் அதுதான்.

விளம்பரம் முடிந்து படம் தொடர்ந்தது. நடிகர் விளக்கை ஏந்திக்கொண்டு திரும்பினார். மச்சான் என் தோளிலிருந்து கையை எடுக்காமல், அவருக்கு ஒரு விநாடி முன்பாக வசனத்தைச் சொன்னார். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.